ஜனநாயகத்தைத் தடுக்காத வசைச்சொல் வடிகட்டியை அமைப்பது எப்படி?

1996-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்தில் வசித்தவர்கள் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முயன்றபோது, அவர்களுடைய ஊர்ப்பெயரையே அந்தச் சேவையின் வடிகட்டி ஏற்க மறுத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்து முதல் ஐந்தாம் எழுத்து வரை உள்ள பகுதி ஒரு கொச்சைச் சொல்லாகிவிடுவதே அதற்குக் காரணம். குற்றமற்ற சொல்லுக்குள் வசைச்சொல்லைக் கண்டுபிடித்துத் தடுக்கும் இந்தக் குறைபாட்டை இன்றும் ‘ஸ்கன்தார்ப் சிக்கல்’ என்றே அழைக்கிறார்கள். தமிழில் எழுதப்படும் பதிவுகளுக்கு வடிகட்டி அமைப்பவரும் இதே சிக்கலைச் சந்திப்பார். ஆனால் தமிழில் அது வேறொரு வழியாக நுழைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ‘நாய்’ என்பதை ஒருவர் தடைப்பட்டியலில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நாயே’ என்று எழுதப்படும் வசையை அது பிடிக்காது. ஏனெனில் கணினியைப் பொறுத்தவரை புள்ளி வைத்த யகரம் ஒரு யகரமும் ஒரு புள்ளியுமாக இரண்டு குறிகள், ‘நாயே’ என்பதில் அந்தப் புள்ளி இல்லை. உடனே அவர் புள்ளியை நீக்கிவிட்டு ‘நாய’ என்று பட்டியலைத் திருத்துகிறார். இப்போது ‘நாயே’, ‘நாயை’, ‘நாயின்’ எல்லாம் அகப்படுகின்றன; கூடவே ‘நாயகன்’, ‘விநாயகர்’, ‘ஜனநாயகம்’ ஆகியவையும் அகப்படுகின்றன. வேற்றுமை உருபும் விளியும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் சொல்லின் அடிப்பகுதியை மட்டும் தேடினால் விளைவு இப்படித்தான் இருக்கும். ஆகவே அடிச்சொல்லைச் சுருக்காதீர்கள். தடுக்க விரும்பும் ஒவ்வொரு வடிவத்தையும் முழுமையாக எழுதிப் பட்டியலிட்டு, பதிவில் உள்ள முழுச் சொற்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். பட்டியல் நீளும் என்பது உண்மைதான், ஆனால் அந்த உழைப்பைத் தவிர்க்க நல்ல குறுக்குவழி எதுவும் இல்லை.

முழுச் சொல்லோடு ஒப்பிட, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிரல் சரியாக அறிந்திருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பைத்தான் நிரல்மொழியில் உரைக்குள் சொல்வடிவங்களைத் தேட உதவும் இயல்பான ரெஜெக்ஸ் தொகுதி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லுக்குரிய எழுத்துகளாகக் கருதுவதில்லை. அதனால் ‘நாயகம்’ என்ற ஒரே சொல் அதன் பார்வையில் ‘ந’ என்றும் ‘யகம’ என்றும் துண்டாகிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சொல் எல்லைக் குறியீடோ ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே அறியும். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வடிகட்டியை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்பினால், ‘முழுச் சொல்லை மட்டும் ஒப்பிடு’ என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தும் பயன் இராது. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு என்ற தரத்தின் வகைப்பாட்டில் ‘எழுத்து’, ‘குறி’ ஆகிய இரண்டு வகைகளையும் சேர்த்தே சொல்லின் பகுதியாகக் கொள்ளும்படி விதியை எழுதுங்கள். அல்லது இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் கொண்டு சொற்களைப் பிரியுங்கள். ‘கொ’ போன்ற எழுத்தை இருவேறு குறி வரிசைகளில் உள்ளிட முடியும் என்பதால், ஒப்பிடுவதற்கு முன் பதிவையும் பட்டியலையும் என்எஃப்சி என்னும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

இவ்வளவு செய்த பிறகும், வடிவத்தைக் கொண்டு தீர்க்கவே முடியாத சொற்கள் எஞ்சும். ‘பொறுக்கி’ வசை, ‘சிதறிய மணிகளைப் பொறுக்கி எடுத்தாள்’ என்பதில் அது வெறும் வினையெச்சம். ‘மயிர்’ இன்று பேச்சில் ஏச்சாக ஒலிக்கிறது, ஆனால் திருக்குறளின் 969-ஆம் குறள் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ‘முலை’ என்ற சொல்லைக் கண்மூடித்தனமாகத் தடுத்தால் பழந்தமிழ்ப் பாடலை மேற்கோள் காட்டுபவரும், தாய்ப்பால் பற்றி ஐயம் கேட்கும் இளந்தாயும் வாயடைக்கப்படுகிறார்கள். இத்தகைய சொற்களைத் தானாகத் தடுக்கும் பட்டியலில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றைத் தனியாக ஒரு ‘பார்வைக்குரிய’ பட்டியலில் வைத்து, பதிவை வெளியிட்டபின் ஒரு மனிதர் படித்து முடிவெடுக்கும்படி செய்யுங்கள்.

எந்தத் துறையினருக்காக வடிகட்டி அமைக்கிறோம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் முதுகெலும்பி உயிரினங்களின் புதைபடிவங்களை ஆராயும் சங்கம் ஒன்று தன் ஆண்டு மாநாட்டை இணையவழியில் நடத்தியபோது, கேள்வி கேட்கும் பகுதியில் ‘எலும்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லே தடுக்கப்பட்டது. வடிகட்டியோடு ஆயத்தமாக வந்த பட்டியலை அப்படியே பயன்படுத்தியதன் விளைவு அது.

ஆட்பெயர், ஊர்ப்பெயர், முகவரி ஆகியவற்றுக்கான கட்டங்களில் சொற்பகுதித் தேடலை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். தீட்சித், ஹர்ஷித் ஆகிய பெயர்களை ஆங்கில எழுத்தில் வழக்கமாக எழுதும்போது இறுதி நான்கு எழுத்துகள் ஆங்கில வசைச்சொல் ஒன்றாகின்றன. தன் பெயரையே தகாதது என்று ஓர் இயந்திரம் சொல்லக் கேட்பதை விடப் பெரிய அவமதிப்பு ஒரு பயனருக்கு நேர முடியாது. அதுபோலவே, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்காக எல்லா இடைவெளிகளையும் நீக்கிவிட்டுத் தேடும் வழக்கத்தையும் கைவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நல்ல சொற்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கெட்ட சொல் பிறந்துவிடும்.

தடைப்பட்ட சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைத் தானாக இட்டு நிரப்புவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். 2008-இல் அமெரிக்கச் செய்தித் தளம் ஒன்றின் தானியங்கி மாற்றம், ஓட்டப்பந்தய வீரர் டைசன் கேயின் குடும்பப்பெயரை, அது ஆங்கிலத்தில் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்றும் பொருள்படுவதால், அதே பொருளுள்ள வேறோர் ஆங்கிலச் சொல்லாக மாற்றி வெளியிட்டது. தடுக்கப்பட்ட பதிவை எழுதியவரே திருத்தி மீண்டும் அனுப்ப முடியும்; அவருக்குத் தெரியாமல் மாற்றப்பட்ட பதிவோ அவர் சொல்லாததை அவர் பெயரில் சொல்கிறது.

தடுக்கும்போது, எந்தச் சொல்லால் தடுக்கப்பட்டது என்பதைப் பயனருக்குத் தெரிவித்து, அவர் எழுதியதை அழிக்காமல் திருப்பிக் கொடுத்து, ‘இது தவறான தடை’ என்று தெரிவிக்க ஒரு பொத்தானையும் அருகில் வையுங்கள். சொல்லைக் காட்டினால் ஏமாற்றுபவர்கள் அறிந்துகொள்வார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்கள் இரண்டு மூன்று முயற்சிகளில் எப்படியும் அறிந்துகொள்வார்கள். காரணம் தெரியாமல் திகைத்து நிற்பவர் தவறே செய்யாதவர்தான்.

இறுதியாக, புதிய சொல் எதையும் பட்டியலில் சேர்க்கும் முன் அதை நல்ல உரையில் தேடிப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் முழு உரையும் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கிறது. சேர்க்கவிருக்கும் சொல் அங்கே எந்தெந்த வரிகளைப் பிடிக்கிறது என்பதைப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் வெளிப்பட்டுவிடும். அப்படி வெளிப்பட்ட சொற்களையும், பயனர்கள் பொத்தானை அழுத்தித் தெரிவித்த சொற்களையும் ஒரு சோதனைக் கோப்பில் சேர்த்துவைத்து, பட்டியலில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு முழுவதும் தடையின்றிக் கடந்து செல்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பின் முதல் மூன்று சொற்களாக நாயகன், விநாயகர், ஜனநாயகம் ஆகியவற்றை இன்றே எழுதிவிடலாம்.