கடையைப் பார்த்துத் தரை வாங்காதீர்கள்: வீட்டுத் தரை சீக்கிரம் பழசாகிப் போவதற்கான தவறுகள்

பினாங்கு பாயான் லெப்பாஸில் அக்கா வாங்கிய, வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய தெரஸ் வீட்டில் தரையை உடைத்தபோது கூடவே நின்றேன். கீழ்த்தளத்தை மட்டும் உடைக்க நான்கு நாள் பிடித்தது. உடைந்த துண்டுகளை மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, குப்பைக்குக் கொண்டுபோகத் தனிச் செலவு. இத்தனைக்கும் அந்த டைல்ஸில் ஒரு விரிசல்கூடக் கிடையாது. இளஞ்சிவப்பில் மேகம் மிதப்பது போன்ற அச்சு, ஹாலின் நடுவில் பெரிய வட்டப் பூ, சுற்றிலும் தங்க நிறக் கரை. முதலில் போட்டவர்கள் ஆசையாகத்தான் போட்டிருப்பார்கள். அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம்கூட இருக்க முடியவில்லை.

சுவரின் நிறம் பிடிக்காவிட்டால் ஒரு சனி ஞாயிறில் மாற்றிவிடலாம். திரைச்சீலையும் சோபாவும் அப்படித்தான். தரையை மாற்ற வேண்டுமென்றால் அலமாரி, கட்டில், அடுப்பு என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வாரக்கணக்கில் தூசியோடு வாழ வேண்டும். அதனால் தரையை இருபது வருடத்துக்கென்று நினைத்துத்தான் வாங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூன்று வீட்டுத் தரை வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சீக்கிரம் சலித்துப்போன தரைகளுக்கெல்லாம் அனேகமாக ஒரே காரணம்தான். வீட்டைப் பார்த்து வாங்காமல் கடையைப் பார்த்து வாங்கியிருப்பார்கள்.

“அக்கா, இப்போ எல்லாரும் இதுதான் போடறாங்க.” கடையில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். எல்லாரும் போடுகிறார்கள் என்றால், பத்து வருடம் கழித்து அதைப் பார்க்கிறவர்கள் எந்த வருடத்தில் போட்டது என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரிலேயே இது அலை அலையாக வந்து போயிருக்கிறது. எங்கள் தாத்தா காலத்து வீடுகளில் சிமெண்டுத் தரை, அப்புறம் சின்னச் சின்னக் கல் தெரியும் டெராசோ. பிறகு மாடி அறைகளில் பார்க்கே என்னும் சின்ன மரக்கட்டைத் தரை, 2000-க்குப் பிறகு கண்ணாடிபோல் மின்னும் பாலாடை நிற டைல்ஸ், அதற்கும் பிறகு எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறம். பழசு என்று டெராசோவை உடைத்தவர்கள் இன்று அதே கல் தரையை அச்சிட்ட டைல்ஸாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அப்படியானால் பழசாகாத தரை என்று ஒன்று உண்டா? உண்டு, பினாங்கில் அதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். ஜார்ஜ்டவுனில் 1890-களில் கட்டப்பட்ட பினாங்கு பெரனாக்கான் மாளிகையில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டிலிருந்து கப்பலில் வந்த தரை ஓடுகள் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் மிதித்தும் அழகு குறையவில்லை. நம் பக்கம் சொல்வதானால் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல். பினாங்குத் தண்ணீர்மலையில் கோயில் கட்டிய நகரத்தார், ஊரில் தங்கள் வீடுகளுக்குப் போட்ட தரைகளில் அதுவும் ஒன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டுக் கையாலேயே செய்வார்கள். இரண்டிலும் நிறம் மேலே ஒட்டிய படமாக இல்லாமல் கல்லோடு கல்லாக இருக்கிறது. தேய்ந்தாலும் அடியில் அதே நிறம்தான் வரும்.

இதைப் பார்த்துவிட்டு ஹால் முழுக்கப் பூப்போட்ட டைல்ஸ் இறக்கினால் அது இன்னொரு தவறு. பழைய கடைவீடுகளைக் கவனித்துப் பாருங்கள். பூவேலை பெரும்பாலும் அஞ்சடி என்னும் முன் நடைபாதையிலும் முன்ஹாலிலும்தான் இருக்கும். உள்ளே போகப் போகச் செம்மண் ஓடு, முற்றத்தில் கருங்கல், மாடியில் பலகை. ஓர் இடத்தில் பூ இருக்க வேண்டுமென்றால் மற்ற இடங்கள் அமைதியாக இருக்க வேண்டும். ஆசையாக இருந்தால் வாசலிலோ பூஜை அறையிலோ ஒரு சின்னச் சதுரம் போடுங்கள், போதும்.

அச்சிட்ட டைல்ஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று கடையில் இருப்பதில் பெரும்பகுதி அதுதான், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த டிசைனில் எத்தனை விதமான முகம், அதாவது வேறு வேறு அச்சு, வருகிறது? நான்கு முகம்தான் என்றால் மார்பிள் கோடு நான்கு டைல்ஸுக்கு ஒரு முறை திரும்ப வரும். முதலில் கண்ணுக்குத் தெரியாது, ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் அதை மட்டுமே பார்ப்பீர்கள். நான்கைந்து பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடை முதலாளி மறுக்க மாட்டார். கோடும் வரியும் குறைவாக, மணல்போலவோ வெறும் கல்போலவோ இருப்பவை இந்த விஷயத்தில் எப்போதும் பத்திரமானவை.

அடுத்த தவறு வெளிச்சம். கடையில் டைல்ஸ் சுவரில் நிற்கும், மேலிருந்து வெள்ளை விளக்கு அடிக்கும். உங்கள் வீட்டில் அது தரையில் கிடக்கும், வெளிச்சம் பக்கவாட்டில் வரும். இருபதுக்கு எழுபது அடி தெரஸ் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், முன்னும் பின்னும் மட்டும் ஜன்னல். நடுவில் சாப்பாட்டு மேசை இருக்கும் இடம் பட்டப்பகலிலும் மங்கல்தான். அங்கே கரும்சாம்பல் போட்டால் நாள் முழுக்க விளக்கு எரிய வேண்டியிருக்கும். பளிச்சென்ற வெள்ளையில் ஒவ்வொரு தலைமுடியும் தெரியும், கறுப்பில் ஒவ்வொரு தூசியும் தெரியும். மணல் நிறம், வெளிர் பழுப்பு, கொஞ்சம் பழுப்பு கலந்த சாம்பல் போன்ற நடு நிறங்களில் இரண்டுமே அடங்கிப்போகும். இரண்டு டைல்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் இடத்திலேயே கிடத்தி வையுங்கள். காலையில், மாலை நான்கு மணிக்கு, இரவு விளக்கில் என்று மூன்று வேளை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பளபளப்புக்கு வருவோம். நம் வீடுகளில் பலர் தவறுவது இங்கேதான். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். எண்ணெய்க் குளியல், பூஜை அறை விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், தீபாவளிக்கு முறுக்கு சுடும் அடுப்படி, பெரியவர்கள் முகத்துக்குப் போடும் பவுடர் என்று வழுக்குவதற்குக் காரணங்கள் நம் வீட்டில் அதிகம். கார் போர்ச்சில் பளபளப்பான டைல்ஸ் போட்டுவிட்டு, மழை நாளில் வயதான அம்மாவைக் கைப்பிடித்து இறக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். டைல்ஸ் விவரத்தாளில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஹாலுக்கு ஆர்9 போதும், சமையலறைக்கு ஆர்10, போர்ச்சுக்கு ஆர்11 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது காலணி போட்டுச் சோதித்து வந்த எண். ஈரத்தில் வெறுங்காலுக்கென்று ஏ, பி, சி என்ற தனி அளவு உண்டு, சிதான் அதிகப் பிடிப்பு. குளியலறைக்கு வாங்கும்போது அதையும் கேளுங்கள், பி என்றால் நிம்மதி. அதற்காகச் சமையலறையில் ரொம்பச் சொரசொரப்பாகப் போட்டால் எண்ணெய்ப்பிசுக்கு உள்ளே ஏறிக்கொள்ளும், துடைத்து மாளாது. மங்கலான, தடவினால் மென்மையாகவே இருக்கும் ரகம்தான் அங்கே சரி.

எங்கள் வீட்டில் மங்கலான டைல்ஸ்தான். தீபாவளிக்கு வாசலில் அரிசிக் கோலம் போட்டால் அரிசி நகராமல் அப்படியே நிற்கிறது. முந்தைய வழுவழுப்பான தரையில் யாராவது வேகமாக நடந்தாலே கோலம் கலைந்துவிடும்.

மார்பிள் மீது பலருக்குத் தீராத ஆசை. ஹாலுக்குச் சரி. சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் வேண்டாம் என்பேன். மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, புளி, தயிர் பட்டால் அமிலம் மேற்பரப்பை அரித்து மங்கிய வட்டம் விழும். அது கறை இல்லை, கல்லே கரைந்த தடம், சோப்பில் போகாது. மஞ்சள் வேறு உள்ளே இறங்கும். அதே இடத்தில் போர்சலின் டைல்ஸ் போட்டால் இந்தக் கவலை இல்லை. அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சுவருக்கென்று செய்த டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். மலிவாகக் கிடைக்கிறது, நிறமும் பிடித்திருக்கிறது என்று சுவர் டைல்ஸைத் தரையில் போட்டுவிடாதீர்கள், உடையும்.

மரத்துக்கு இந்த ஊர் காற்று ஒரு சோதனை. வருடம் முழுக்க ஈரப்பதம் அதிகம். மரம்போல அச்சிட்ட லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மர நார். நாம் தினமும் தண்ணீரில் மாப் போடுகிறவர்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. இப்போது எல்லாரும் சொல்லும் எஸ்பிசி வினைல் பலகை, சுண்ணாம்புக் கல் பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. அந்தப் பலகை ஊறாது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் இடுக்கு வழியே அடியில் போய்த் தங்கலாம். பால்கனிக் கண்ணாடிக் கதவோரம் மதிய வெயில் விழுந்தால் நிறம் வெளுக்கலாம், பலகை எழும்பவும் செய்யலாம். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் கீழ்த்தளத்துக்கு டைல்ஸைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பழைய வீட்டின் மாடியில் மெர்பாவ் அல்லது செங்கால் மரப் பலகையோ பார்க்கேயோ இருந்தால், தயவுசெய்து அதைப் பெயர்த்து எறியாதீர்கள். கறுத்துப்போய் இருப்பது மேலே பூசிய வார்னிஷ்தான். இழைத்துத் தேய்த்துப் புதிதாகப் பூசினால் இன்று எந்தக் கடையிலும் எளிதில் கிடைக்காத மரம் வெளியே வரும். அந்த வேலைக்கு முன் கரையான் இருக்கிறதா என்று மட்டும் சோதித்துவிடுங்கள்.

அறைக்கு அறை வேறு வேறு தரை போடுவது சின்ன வீட்டை இன்னும் சின்னதாக்கும். கீழ்த்தளம் முழுக்க ஒரே டைல்ஸ், ஈரம் படும் இடங்களுக்கு மட்டும் வேறு. அவ்வளவுதான். புது மோகத்தைப் பாயிலும் மெத்தை உறையிலும் தீர்த்துக்கொள்ளலாம்.

இனி சொல்வது நிறத்தைப் பற்றியதல்ல, ஆனால் எவ்வளவு அழகான தரையையும் அசிங்கமாக்கிவிடுவது இதுதான். கோலாலம்பூரில் சித்தி மகன் கொண்டோவில் ஓர் இரவு பட்டென்று சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்து பார்த்தால் ஹால் நடுவில் ஒரு வரிசை டைல்ஸ் கூடாரம்போல் எழும்பி நிற்கிறது. போட்டு ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அடியில் இருக்கும் சிமெண்டுத் தளம் நாளாக ஆக மெல்லச் சுருங்கும், மேலே இருக்கும் டைல்ஸ் அப்படிச் சுருங்காது. வெயில் பட்டால் கொஞ்சம் விரியவும் செய்யும். இடையில் விரிய வழி இல்லாமல் டைல்ஸை நெருக்கி அடுக்கியிருந்தால், ஒரு நாள் அது மேலே எழும்பும். அங்கே நடந்ததும் அதுதான். கோடு தெரியக்கூடாது என்று இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். போதாததற்கு டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவையை வைத்து அமுக்கியிருக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் வெற்றிடம்.

எனவே வேலை தொடங்கும் முன் பேசிவிடுங்கள். எவ்வளவு துல்லியமாக வெட்டிய டைல்ஸாக இருந்தாலும் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுவரோரம் ஸ்கர்டிங் என்னும் சுவரடிப் பட்டைக்கு அடியில் மறையும்படி ஓர் இடைவெளி விட வேண்டும், அதில் சிமெண்டு அடைக்கக்கூடாது. போர்சலினுக்கு வெறும் சிமெண்டுக் கலவை சரியாகப் பிடிக்காது, அதற்கென்று இருக்கும் டைல்ஸ் பசையைப் பல் கரண்டியால் முழுவதும் பரப்ப வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். காலியாக ஒலித்தால் பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். இடைவெளியில் பூசும் கிரவுட்டை வெள்ளையில் கேட்காதீர்கள், ஆறு மாதத்தில் அடுப்படிப் பக்கம் கறுக்கும். டைல்ஸ் நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாக எடுங்கள்.

பழைய டைல்ஸுக்கு மேலேயே புதிது ஒட்டுவது செலவைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும், கதவை அறுக்க வேண்டும், குளியலறைக்குள் ஒட்டினால் அதன் படி தட்டையாகித் தண்ணீர் வெளியே வரும். அடியில் இருப்பது ஏற்கெனவே காலியாக ஒலித்தால் அந்த யோசனையே வேண்டாம். கொண்டோ என்றால் உடைப்பதற்கும் ஒட்டுவதற்கும் முன் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள்.

கடைசியாகக் கணக்கு. வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் கூட வாங்குவது வழக்கம், சாய்வாகப் போடுவதானால் இன்னும் கொஞ்சம். இதற்கும் மேல் இரண்டு பெட்டி எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிற எண்ணும் அளவு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், ஒரே பெயருள்ள டைல்ஸ் அடுத்த சூளையில் வேறு நிறமாக வரும். அக்கா வீட்டில் போன வருடம் சமையலறைக் குழாய் அடியில் கசிந்து மூன்று டைல்ஸை உடைக்க வேண்டி வந்தது. அந்த டிசைன் கடையில் நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது. படிக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து ஒட்டினார்கள். எந்த மூன்று என்று இப்போது அக்காவுக்கே தெரியாது.