'எப்ப டீச்சர் எழுத வைப்பீங்க?' – பெற்றோரை அங்கன்வாடிக்குள் கொண்டுவருவது எப்படி

அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பணியாளர்களுக்காக எழுதுகிறேன். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, ஊட்டச்சத்து, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியும் அதில் இருந்தது. ஆனாலும் ஊரில் பலருக்கு மையம் என்றால் சோறு, முட்டை, சத்துமாவு, அவ்வளவுதான். மைக் பிடித்துப் பேசி இதை மாற்ற முடியாது. பிள்ளை இங்கே என்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

படி 1: சேர்க்கும் அன்று கேளுங்கள்

அறிவுரையெல்லாம் அப்புறம். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஒன்றுக்கு வந்தால் எப்படிச் சொல்லும், எதைக் கண்டால் பயம், யார் ஊட்டினால் சாப்பிடும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் தர்ஷினி, வீட்டில் பாப்பு என்றால், மறுநாள் வாசலில் 'வா பாப்பு' என்று கூப்பிடுங்கள். பிள்ளையைவிட அம்மாவுக்குத்தான் முதலில் தைரியம் வரும்.

படி 2: வாசலில் ஒரு செய்தி

கூட்டிப்போக வருபவரிடம் 'நல்லா இருந்தான்' என்றால் ஒன்றும் விளங்காது. 'இன்னைக்கு பாட்டில் மூடியை எல்லாம் கலர் பார்த்துப் பிரிச்சான், பச்சையை மட்டும் யாருக்கும் தரமாட்டேன்னுட்டான்' என்று சொல்லிப் பாருங்கள். குறை ஏதும் இருந்தால் நாலு பேர் நிற்கும்போது வேண்டாம். அம்மா கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிறவர் என்றால் மதியம் வருவது பாட்டிதான். சரி, செய்தியைப் பாட்டியிடமே சொல்லுங்கள். கதை சொல்லவும் ஒருநாள் அவரையே அழையுங்கள்.

படி 3: மாதக் கூட்டத்தில் பாய் விரியுங்கள்

மாதம் ஒருமுறை வரும் முன்பருவக் கல்வி நாளில் நாற்காலி போட்டால் அது பஞ்சாயத்துக் கூட்டம் மாதிரி ஆகிவிடும். பாயில் பிசைந்த மாவு, கோக்க மணி, பிரிக்கப் புளியங்கொட்டை என்று வைத்துப் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வையுங்கள். (கொட்டை, மணி விஷயத்தில் கவனம். சின்னதுகள் மூக்கில் போட்டுக்கொள்ளும். பெரியவர் கண் முன்னால் மட்டும் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள்.)

அந்தக் கேள்வி இங்கேதான் வரும்: 'பக்கத்துத் தெருப் பிள்ளை எல்.கே.ஜி.யில ஏ, பி, சி, டி எழுதுது. நீங்க எப்ப டீச்சர் எழுத வைப்பீங்க?'

கோபப்படாதீர்கள். அந்தப் பயம் நியாயமானது. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற கவலை அது. அந்த அம்மாவையே மாவைக் கிள்ளி உருட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்கிற விதத்தைக் காட்டுங்கள்: 'பென்சிலைப் பிடிக்கப்போறதும் இதே விரல்தான்க்கா. மூணு வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா உருவாகியிருக்காது. இப்பவே நாலு கோட்டுக்குள்ள எழுதச் சொன்னா கை வலிக்கும், பென்சிலைப் பார்த்தாலே ஓடும்.' கையோடு அந்தப் பிள்ளை வரைந்த தாள்களைச் சேர்த்து வைத்த ஃபைலை எடுத்து விரியுங்கள். சேர்ந்த மாதம் போட்ட கிறுக்கல், இப்போது மூடிய வட்டமாக வந்திருக்கும். சில வட்டங்களுக்குக் கண்ணும் வாயும்கூட முளைத்திருக்கும். இதற்காகவே ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வையுங்கள். தேதி இல்லாத கிறுக்கல் வெறும் பழைய பேப்பர்.

படி 4: வீட்டுக்கு ஒரே ஒரு வேலை

சந்தையிலிருந்து வந்த காயை இனம் பிரிப்பது, துவைத்த துணியில் அப்பாவுடையது, தம்பியுடையது என்று எடுத்து வைப்பது. வாரத்துக்கு ஒன்று போதும். செய்யவில்லை என்றால் விட்டுவிடுங்கள், விசாரணை வேண்டாம்.

படி 5: அப்பாக்கள்

கூட்டத்துக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார்கள். ஒரு வேலையைக் கேட்டால் வருவார்கள். தச்சு வேலை செய்பவரிடம் விளையாட மரத்துண்டு கேளுங்கள்: உள்ளங்கை அளவு, முனை தேய்த்தது, பெயின்ட் அடிக்காதது. ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், காலையில் அவரே கொண்டுவரட்டும். பிள்ளைகள் அப்போதே அடுக்கத் தொடங்கிவிடுவார்கள், அவரும் கொஞ்ச நேரம் நிற்பார்.