ரெஸ்யூமே டெம்ப்ளேட்: கண்ணுக்கு அழகு, வேலைக்கு ஆகாது

ரெஸ்யூமே தயாரிக்கப் போகிறேன் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தைத் திறந்து டெம்ப்ளேட் தேடுவது. இடது பக்கம் கருநீலப் பட்டை, அதற்குள் வட்டமாக ஒரு போட்டோ, தெரிந்த மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வரைந்தவருக்கு உங்களைத் தெரியாது. அவர் மூன்று வேலைகளுக்கு இடம் விட்டிருப்பார். நீங்கள் ஒரே ஒரு இன்டர்ன்ஷிப் முடித்திருப்பீர்கள். மிச்ச இடத்தை ரொப்ப 'பாட்டு கேட்பது, கிரிக்கெட் பார்ப்பது' என்று எழுத வேண்டிவரும். எழுத வேண்டியதை முதலில் வெறும் நோட்பேடில் எழுதி முடியுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வடிவத்தைத் தேடலாம்.

இருப்பதிலேயே பெரிய தொல்லை, பக்கத்தை இடம், வலம் என்று பிரிக்கும் இரண்டு பத்தி (காலம்) அமைப்புதான். நௌக்ரி மாதிரி வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றினாலும் சரி, பெரிய கம்பெனியின் இணையப் பக்கத்தில் விண்ணப்பித்தாலும் சரி, உங்கள் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மனிதர் இல்லை. ஏ.டி.எஸ் எனப்படும் மென்பொருள் அதிலிருந்து பெயர், படிப்பு, வேலை, தேதி என்று பிரித்து எடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. சில மென்பொருள்கள் இரண்டு பத்தியையும் குறுக்கே ஒரே வரியாகப் படித்துவிடும். இடப்பக்கத்து 'தமிழ், ஆங்கிலம்' வலப்பக்கத்து 'ஜூனியர் அக்கவுண்டன்ட், 2021–2023' என்பதோடு ஒட்டிக்கொள்ளும். மென்பொருளே எல்லாரையும் நிராகரித்துவிடும் என்று யூடியூபில் பயமுறுத்துகிறார்கள், அப்படியெல்லாம் இல்லை. நடப்பது வேறு. எச்.ஆர் 'டேலி, ஜி.எஸ்.டி' என்று தேடும்போது, விவரங்கள் குழம்பிக் கிடக்கும் ரெஸ்யூமே பட்டியலில் பின்னால் போய்விடும், அல்லது வராமலே போகும்.

இதைச் சோதிக்கக் காசு கேட்கும் இணையதளம் எதுவும் வேண்டாம். பி.டி.எஃப்பைத் திறந்து மொத்தத்தையும் தேர்வு செய்து காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் கவலை இல்லை. கலைந்து வந்தால் வடிவத்தை மாற்றுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூமே எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. வேர்டில் போன் நம்பரையும் மெயிலையும் ஹெட்டர் பகுதியில் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அந்தப் பகுதியைச் சில மென்பொருள்கள் படிப்பதே இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் போன் மட்டும் வராது. அப்புறம், தேடலில் சிக்க வேண்டும் என்று சிலர் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கும் குறிச்சொற்கள். நோட்பேடில் ஒட்டினால் அவை கறுப்பாகப் பல்லிளிக்கும், எச்.ஆர் திரையிலும் அப்படியே தெரியக்கூடும்.

தமிழாசிரியர், செய்தியாளர், மொழிபெயர்ப்பாளர் வேலைகளுக்குத் தமிழிலேயே ரெஸ்யூமே தருகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். டி.டி.பி கடையில் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருந்தால் திரையில் தமிழாகத்தான் தெரியும், காப்பி எடுத்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறி விழும். எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். எழுத்துரு லதா, நிர்மலா, நோட்டோ எதுவானாலும் சரி.

நட்சத்திரங்களும் சதவீதப் பட்டைகளும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 'எக்செல் 80%' என்றால் மிச்ச 20% என்ன? அந்த இடத்தில், 'பிவட் டேபிள் போட்டு மாதாந்திர ஸ்டாக் ரிப்போர்ட் தயாரித்தேன்' என்று ஒரு வரி எழுதினால் கேட்பவருக்கு அடுத்த கேள்வி கிடைக்கும்.

வரிசையைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறுகிறார்கள். இப்போதுதான் படிப்பை முடித்தவர் என்றால் படிப்பும் ப்ராஜெக்டும் மேலே வரட்டும். கேம்பஸில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் அரியர் இருக்கிறதா என்பதையும் கேட்பார்கள், அதனால் அவை இருக்கட்டும். ஐந்து வருடம் வேலை பார்த்தவரின் ரெஸ்யூமே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணோடு தொடங்குவதுதான் வேடிக்கை. அவருக்குக் கடைசியாகப் பார்த்த வேலை மேலே, பழையது கீழே.

நடுவில் இடைவெளி விழுந்தவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்த பெண்களுக்கு, தேதிகளை மறைத்துத் திறமைகளை மட்டும் அடுக்கும் வடிவத்தை யாராவது சிபாரிசு செய்வார்கள். அது வேண்டாம். தேதி இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்ததும் எச்.ஆருக்கு வருகிற முதல் சந்தேகமே, எதையோ மறைக்கிறார்கள் என்பதுதான். '2020–2023: குடும்பப் பொறுப்பு, இந்தக் காலத்தில் ஜி.எஸ்.டி பயிற்சி முடித்தேன்' என்று உள்ளதை உள்ளபடி ஒரு வரியில் எழுதிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

போட்டோ வைப்பதா வேண்டாமா என்பது ஊரைப் பொறுத்தது. அமெரிக்கா, பிரிட்டன் கம்பெனிகளுக்கு வைக்காதீர்கள். பாகுபாட்டுப் புகார் வரும் என்று அவர்களே விரும்புவதில்லை. வளைகுடா வேலைகளுக்குப் போட்டோ, குடியுரிமை, விசா நிலை எல்லாம் போடுவது வழக்கம். ஜெர்மனியில் 2006ல் வந்த சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயம் இல்லை என்றாலும் இன்னும் பலர் வைக்கிறார்கள். சென்னை ஐ.டி கம்பெனிக்குப் போட்டோ, அப்பா பெயர், மதம், திருமண நிலை எதுவும் தேவையில்லை. 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் அரசு விண்ணப்பப் படிவத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எடுத்துவிட்டால் இரண்டு மூன்று வரி மிச்சமாகும்.

ஒரே பக்கத்துக்குள் அடக்கியாக வேண்டும் என்று எழுத்தை 8 பாயின்ட்டுக்குச் சுருக்குகிறவர்கள் உண்டு. எச்.ஆர் அதைப் போனிலும் திறக்கலாம். 10 முதல் 12 பாயின்ட் வையுங்கள். அனுபவம் இருந்தால் இரண்டு பக்கம் ஆகட்டும்.

வாக்-இன் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமேயைப் பிரின்ட் எடுத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருநீலப் பட்டை ஜெராக்ஸ் கடையின் கறுப்பு வெள்ளைப் பிரின்ட்டில் மசிப் பூச்சாகிவிடும். அதற்குள் இருக்கும் உங்கள் போன் நம்பரைப் படிக்க முடியாது. வெளிநாட்டு டெம்ப்ளேட் பல நேரம் அமெரிக்க லெட்டர் அளவில், 216 × 279 மி.மீட்டரில் இருக்கும். நம் கடையில் இருப்பது ஏ4, 210 × 297. பிரின்ட் கொடுக்கும் முன் அளவை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம்.