பெங்களூரு மொட்டை மாடியில் டிராகன் பழம்: ஊர் வானிலைக்கு ஏற்ற வளர்ப்பு முறை

வேலூர், தேனிப் பக்கம் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, அதே முறையைப் பெங்களூரு ராமமூர்த்தி நகர் மாடியில் அப்படியே செய்தால் டிராகன் செடி தடுமாறும். அங்கே கோடை வெயில்தான் பெரிய தொல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் வெயில் அந்த அளவுக்கு வாட்டாது. ஆனால் மே மாதமே இடிமழை தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் மழையும் சேர்ந்து மண்ணை மாதக்கணக்கில் காயவிடாது. இங்கே செடி சாவது பெரும்பாலும் வேர் அழுகித்தான். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் மழையை மனதில் வைத்துத்தான்.

செடியின் குணம்

இது கள்ளி இனம். ஆனால் இதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகள். மரத்தைப் பற்றி ஏறி, இலைகளுக்கிடையே வடியும் வெளிச்சத்தில் வளர்ந்த கொடி. இலைத்துளைகளைப் போல இதன் தண்டிலும் நுண்துளைகள் உண்டு. அவற்றைப் பகலில் மூடிவைத்து, இரவில் திறந்துதான் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரி இருந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும். ஆண்டில் பல மாதங்கள் பெங்களூரு கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. துமகூரு அருகே ஹிரேஹள்ளியில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் டிராகன் பழத்துக்கென்றே ஆய்வு நடக்கிறது. ஆக, நம் பகுதிக்கு ஒத்துவராத செடி என்று தயங்க வேண்டாம்.

படி 1: இடம்

நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பக்கத்து அடுக்குமாடியின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். நிழலில் வைத்தால் தண்டு மெலிந்து நீளும், பூக்காது.

படி 2: தொட்டியும் மண்ணும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், செடியின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் பரவும். அதனால் வாய் அகன்ற தொட்டி நல்லது. 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக்கொண்டால் போதும். அடியில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள், பக்கவாட்டில் அடியை ஒட்டியும் சில துளைகள் இருக்கட்டும். டிரம்மைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். மழை நாளில் மாடித் தரையில் தேங்கும் தண்ணீர் துளையை அடைக்கக் கூடாது.

செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய மாட்டு எரு ஒரு பங்கு கலக்குங்கள். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) வாங்கினால் தூளைச் சலித்தோ கழுவியோ நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் போல இறுகும். தேங்காய் நார்க்கழிவை மாடித்தோட்டக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சேர்ப்பார்கள். இந்தச் செடிக்கு அதைக் குறைத்துக்கொள்வதே நல்லது, ஆகஸ்ட் மழையில் அது ஈரத்தை விடவே விடாது. நிரப்பியதும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம் போல நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

படி 3: நடவு

நன்கு முற்றிய, ஒன்றரை அடி நீளத் தண்டாக வாங்குங்கள். வெட்டிய முனை காய ஒரு வாரம் நிழலில் வைத்து, அப்புறம் இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். செடியில் இருந்தபோது கீழ்ப்பக்கமாக இருந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். நட்டதும் தண்ணீர் ஊற்றாமல் சில நாள் பொறுங்கள்.

மாதம் முக்கியம். பிப்ரவரி, மார்ச்தான் இங்கே சரியான காலம். குளிர் விலகியிருக்கும், மழை வந்திருக்காது, ஜூனுக்குள் வேர் பிடித்துவிடும். ஜூலையில் நட்டால் வெட்டுக்காயம் ஈரத்தில் அழுக வாய்ப்பு அதிகம். டிசம்பரில் நட்டால் குளிரில் அப்படியே நிற்கும்.

படி 4: தாங்குகம்பு

ஐந்தடிக் கல்தூணோ, சாக்கு சுற்றிய பிவிசி குழாயோ போதும். உச்சியில் ஒரு பழைய ஸ்கூட்டர் டயர். ஒரே தண்டை மேலே ஏற்றி, டயரைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பிரிந்து தொங்கும்.

படி 5: மாதத்துக்கேற்ற பராமரிப்பு

மார்ச், ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர். விரலை விட்டுப் பார்த்து இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஏப்ரல் பிற்பகல் வெயில் இளந்தண்டை வெளுக்க வைக்கும், அந்த மாதத்துக்கு மட்டும் மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டலாம். மழை தொடங்கியதும் வலையைக் கழற்றிவிடுங்கள். மேகமூட்டத்தில் இருக்கிற வெளிச்சமே குறைவு.

ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் ஊற்றுவதே போதும். தண்டில் செம்பழுப்புப் புள்ளியோ, மஞ்சளாகிக் குழையும் பகுதியோ தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் சுத்தமான கத்தியால் நல்ல சதை வரை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து தெளியுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். செடி வளராமல் நிற்கும், அது நோய் இல்லை. பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர், உரமே வேண்டாம்.

படி 6: பூவும் பழமும்

இது நீண்ட பகலில் பூக்கும் செடி. பெங்களூரில் ஜூனில் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம்தான். அதனால் பூக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பூ இரவில் விரிந்து மறுநாள் காலையே வாடிவிடும். அந்த ஓர் இரவில் மழை பெய்தால் மகரந்தம் நனைந்து வீணாகும். ஆகவே மொட்டு பெருத்து மேல்நோக்கி நிமிரும்போது, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் குடைபோலக் கட்டிவிடுங்கள். இரவு ஒன்பது பத்து மணிக்கு மென்தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, பூவின் நடுவில் நீட்டி நிற்கும் சூலகமுடியில் தடவுங்கள். சில சிவப்புச் சதை ரகங்கள் தன் மகரந்தத்தால் காய்க்காது, அவற்றுக்கு வேறொரு ரகத்தின் பூ வேண்டும்.

பூத்து 30 முதல் 35 நாளில் பழம் சிவக்கும். முழுதும் சிவந்தபின் மூன்று நான்கு நாள் விட்டு வெட்டினால் இனிப்பு ஏறும். தொடர்ந்து மழை பெய்தால் தோல் வெடிக்கும், அப்போது காத்திருக்காமல் பறித்துவிடுங்கள். கிளைகளைக் கழிப்பதை மட்டும் கடைசிப் பழம் எடுத்த பிறகு, மழை முழுக்க ஓய்ந்த நவம்பர் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.