பக்கத்துக்குக் கொன்டெய்னர் போடுதல்: 320 பிக்சலிலிருந்து 1366 வரை

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு இணையப் பக்கம் செய்வதாக வைத்துக்கொள்வோம். மேலே சிறுபோக நீர்விநியோக அறிவித்தல். நடுவில் இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என நான்கு குளங்களின் நீர்மட்ட அட்டைகள். கீழே நெல் விலை அட்டவணை. வயலில் நிற்பவர் போனில் திறப்பார், கமநல சேவை நிலையத்தில் மேசைக் கணினியில் திறப்பார்கள்.

எழுதத் தொடங்கும்போதே எச்டிஎம்எல் கோப்பின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா வரியைப் போடுங்கள்: விட்த் என்பதற்கு டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் என்பதற்கு 1. இது இல்லாவிட்டால் போன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக அடுக்கிச் சுருக்கிக் காட்டும். சிறிய திரைக்கென்று நீங்கள் எழுதிய மீடியா குவெரி (திரை அகலத்தைப் பார்த்து இயங்கும் சிஎஸ்எஸ் விதி) எதுவும் இயங்காது.

அடுத்து வெளிக் கொன்டெய்னர், அதாவது உள்ளடக்கத்தைச் சுற்றி நிற்கும் பெட்டி. அதற்கு இரண்டே வேலை: உள்ளடக்கம் மிதமிஞ்சி அகலாமல் பிடிப்பது, இரு ஓரத்திலும் இடைவெளி விடுவது. மேக்ஸ்-விட்த் 72 ரெம், மார்ஜின்-இன்லைன் ஆட்டோ, பேடிங்-இன்லைன் 1 ரெம் போதும் (ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு, வழமையாக 16 பிக்சல்; பேடிங் என்பது உட்புற இடைவெளி). பின்னணி நிறத்தை இதற்குக் கொடுக்காதீர்கள். நிறம் திரை முழுவதும் ஓடவேண்டுமென்றால் வெளியே ஒரு செக்‌ஷன் வைத்து அதற்குக் கொடுங்கள். விட்த் 100 வீதம் என்றும் எழுதிவிட்டு பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் (பேடிங்கையும் அகலத்துக்குள் சேர்த்து எண்ணும் முறை) ஆக்க மறந்தால், 360 பிக்சல் போனில் பேடிங் சேர்ந்து 392 ஆகிப் பக்கம் பக்கவாட்டில் ஆடும். 100 விடபிள்யூ (ஜன்னலின் முழு அகலம்) என்று எழுதுவதும் ஆபத்து. மேசைக் கணினியில் ஸ்க்ரோல்பார் பிடிக்கும் இடத்தையும் அது பெரும்பாலும் சேர்த்தே கணக்கிடும்.

அறிவித்தல் போன்ற நீண்ட உரைக்கு உள்ளே இன்னொரு குறுகிய கொன்டெய்னர் வேண்டும். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் 65 சிஎச் அளவை அப்படியே எடுக்காதீர்கள். சிஎச் என்பது 0 என்ற இலக்கத்தின் அகலம். ‘ணை’, ‘ஞௌ’ எல்லாம் அதைவிட எவ்வளவோ அகலம். 36 முதல் 40 ரெம் என்று தொடங்கி, உங்கள் எழுத்துருவில் வாசித்துப் பார்த்துத் திருத்துங்கள். வரி உயரம் 1.7 அளவில் இருக்கட்டும். எந்தக் கொன்டெய்னருக்கும் ஹைட் என்று நிலையான உயரம் கொடுக்கவேண்டாம்.

தமிழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் உடைவது சொல் நீளத்தால். ‘முத்தையன்கட்டுக்குளத்திலிருந்து’ என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டால் சிறிய போன் தாங்காது. தலைப்புகளுக்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் கொடுங்கள். சொல் அசிங்கமாக வெட்டுப்படும்தான், ஆனால் பக்கம் தப்பும். எழுத்தளவைக் குறைப்பது அதைவிட நல்லது.

குள அட்டைகளுக்கு கிரிட் (கட்டங்களாக அடுக்கும் முறை) போதும்: ரிபீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் 16 ரெம் முதல் 1 எஃப்ஆர் (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு) வரை, கேப் 1 ரெம். பேடிங் போக 1120 பிக்சல் மிஞ்சும் மேசைத் திரையில் நான்கு அட்டையும் ஒரே வரிசை. 768 டேப்லெட்டில் இரண்டு இரண்டாக, போனில் ஒன்றன்கீழ் ஒன்று. மீடியா குவெரியே தேவையில்லை. 16-க்குப் பதில் 20 ரெம் வைத்தால் மேசைத் திரையில் மூன்று அட்டை மேலே நிற்க, நான்காவது தனியே கீழே விழும். 320 பிக்சல் போனில் இருப்பதே 288 பிக்சல் என்பதால் அட்டை வெளியே நீட்டும். பெரிய அளவுதான் வேண்டுமென்றால் மின் என்ற சார்புக்குள் 100 வீதத்தையும் 20 ரெம்மையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே அட்டை இருக்கும் நாளில் ஆட்டோ-ஃபிட் அதை முழு அகலத்துக்கும் இழுத்துவிடும். அது பிடிக்காவிட்டால் ஆட்டோ-ஃபில்.

நெல் விலை அட்டவணையைத் தனி டிவ் (வெறும் பெட்டி) ஒன்றில் வைத்து, அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுங்கள். அந்த டிவ்வை உள்ளே கொண்ட பகுதியும் பக்கத்தில் ஒரு பட்டியும் ஃப்ளெக்ஸ் (உறுப்புகளைப் பக்கம் பக்கமாக அடுக்கும் முறை) வரிசையில் சேர்ந்து நிற்கின்றனவா? அப்போது அந்தப் பகுதிக்கு, அதாவது வரிசையின் நேரடிப் பிள்ளைக்கு, மின்-விட்த் 0 எழுதவேண்டும். ஃப்ளெக்ஸ் பிள்ளைகளுக்கு மின்-விட்தின் இயல்பு மதிப்பு ஆட்டோ. அவை தம் உள்ளடக்கத்தைவிடக் குறுக மறுத்து முழு வரிசையையும் தள்ளும்.

ஒரே குள அட்டையை அகலமான நடுப்பகுதியிலும் ஒடுங்கிய பக்கப் பட்டியிலும் பயன்படுத்தினால், திரை அகலத்தைக் கேட்பதில் பயனில்லை. அங்கேதான் கொன்டெய்னர் குவெரி. அட்டையைச் சுற்றியுள்ள டிவ்வுக்கு கொன்டெய்னர்-டைப் இன்லைன்-சைஸ் கொடுத்து, அதன் அகலத்தைப் பார்த்து அட்டையின் ஒழுங்கை மாற்றலாம். அட்டை தன்னைத்தானே அளக்க முடியாது, சுற்று டிவ் கட்டாயம். அந்த டிவ்வை இன்லைன்-பிளாக் ஆக்கினால் அகலம் பூச்சியமாகச் சுருங்கும். 2023 பெப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 110 வந்ததோடு முக்கிய உலாவிகள் எல்லாம் இதை ஏற்றுவிட்டன.

பக்கம் பக்கவாட்டில் ஆடினால் ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டு மூடாதீர்கள். குற்றவாளி அப்படியே இருக்கும், உருட்டும்போது மேலேயே ஒட்டி நிற்கவேண்டிய ஸ்டிக்கி தலைப்பும் ஒட்டாமல் போகலாம். எல்லா உறுப்புக்கும் தற்காலிகமாக சிவப்பு அவுட்லைன் கொடுத்துப் பாருங்கள். பார்டர் கொடுத்தால் அளவே மாறிவிடும். 320, 360, 768, 1366 அகலங்களில் பார்த்த பிறகு, 1280 பிக்சல் அகல ஜன்னலில் 400 வீதம் ஜூம் செய்யுங்கள். அது 320 பிக்சலுக்குச் சமம். பெரிய எழுத்தில் வாசிப்பவர்களுக்கும் பக்கம் உடையாமல் நிற்கிறதா என்பது அதிலேயே தெரியும்.