கத்திரி வெயிலில் ஒரு சனி ஞாயிறு: வேலூர்ப் பக்கத்தில் கோடை விடுமுறையை நிதானமாகக் கழிக்கும் முறை

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பேச்சு வழிவழியாக உண்டு. 1981-ஆம் ஆண்டு சலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததும் கடைசிக் குறை தீர்ந்துவிட்டது. கோடை விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் முதல் இரண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பாலாறு மணலாகக் கிடக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் பல வெறும் பாறைகள் என்பதால், பகலெல்லாம் உள்வாங்கிய சூட்டை இரவில் ஊரின் மேலேயே இறக்குகின்றன. சென்னைக்குக் கிடைக்கும் கடற்காற்று இவ்வளவு தூரம் வருவதில்லை. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆகவே இந்தப் பகுதியில் விடுமுறையை வகுக்க வேண்டியது கடிகாரத்தைப் பார்த்து அன்று, வெயிலைப் பார்த்து. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் வெளியே செல்லலாம். இடையில் உள்ள நேரம் வீட்டுக்கு உரியது. ஒரு பகலுக்கு ஓர் இடம் மட்டுமே என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு இரத்தினகிரி, திருமலைக்கோடி பொற்கோயில், கோட்டை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். பொற்கோயிலின் நட்சத்திர வடிவப் பாதையைச் சுற்றி முடிக்கும்போதே உச்சிவேளையாகிவிட்டது. வண்டிக்குத் திரும்பும் வழியில் அத்தைக்குத் தலைசுற்றி, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. அன்று கோட்டையை யாரும் பார்க்கவில்லை.

விடுமுறைக்கான வேலை வியாழக்கிழமை இரவிலேயே தொடங்குகிறது, ஏனென்றால் கோடையில் வீட்டில் இருக்க வேண்டியது கூழ். அது நினைத்தவுடன் கிடைக்கும் உணவன்று. ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வைத்தால், இந்த வெயிலுக்கு மறுநாள் மாலைக்குள் நன்றாகப் புளித்து, மேலே சிறு குமிழ்கள் தெரியும். வெள்ளி இரவு அரை டம்ளர் அரிசி நொய்யை நான்கு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைச் சுழற்ற வேண்டும். இந்த இடத்தில் கை நின்றால் அடிப்பிடித்துவிடும். பச்சை மாவு வாசனை போய், நிறம் கருத்து, தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வரும்போது இறக்கிவிடலாம். மண்சட்டியில் மாற்றி, ஆறியபின் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டால், காலையில் இறுகியிருக்கும். அதில் ஒரு கை அளவு எடுத்து, மோரும் உப்பும் சேர்த்துக் கையாலேயே கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயத்தைத் தூவிக் குடிக்க வேண்டும். கரண்டியால் கரைத்தால் கட்டி உடைவதில்லை என்பார் எங்கள் ஆயா. நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன், அவர் சொன்னதே சரி. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கிளிமூக்கு மாங்காய் ஆகியவை போதும். அசைவர் வீட்டில் முதல்நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு இருந்தால் அதற்கு ஈடில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோட்டைக்குப் போகலாம். அந்த நேரத்தில் அகழியோரம் நடப்பவர்களைத் தவிரக் கூட்டம் இருக்காது. 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் என்பதைப் பிள்ளைகளுக்கு மதில்மேல் நின்றுகொண்டு சொன்னால், பாடநூலில் படித்தது கண்முன் வரும். கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். பாய்கிற குதிரைகளும் யாளிகளுமாகச் செதுக்கிய தூண்களை நின்று பார்ப்பவர்கள் குறைவு. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தூணைக் கொடுத்து, அதில் எத்தனை உருவங்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். பெரியவர்கள் சில்லென்ற கருங்கல் தரையில் உட்கார்ந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் நுங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்டும்போதே இளசாக வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. மேல் சீவலை எடுத்தவுடன் தெரியும் கண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிட வேண்டும். விரல் தடைபட்டால் அது முற்றிய காய், தின்றால் வயிறு வலிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சுளையாக வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள். தின்ற பிறகு ஒரே அளவுள்ள இரண்டு கூடுகளை எடுத்து, ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, அந்தக் குச்சியின் நடுவில் கவைக்கொம்பு ஒன்றை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். கவைக்கொம்பு பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் குனிந்தே ஓட வேண்டியிருக்கும். கைப்பேசியைக் கையிலிருந்து பிடுங்காமலேயே கீழே வைக்கச் செய்யும் பொருள் இதைவிட வேறொன்றை நான் அறியேன்.

நண்பகலில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஆயத்தம் வேண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் விழும் பக்கத்துச் சன்னல்களை மூடி, திரையை நனைத்துத் தொங்கவிட்டு, தரையில் கோரைப்பாயை விரித்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் விடக் கூடாது; வேலூர் இலவம்பாடியில் விளையும் அந்தக் காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு அதன் சதைப்பற்று தனி. உண்ட பின் உறக்கம், அதன் பின் விளையாட்டு. இரண்டு பேர் என்றால் பல்லாங்குழி: பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையைப் போட்டு ஆடும்போது, ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு" என்று கூவி எடுப்பதில் ஆயாவுக்கும் பேத்திக்கும் வயது வேறுபாடு இருக்காது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக்கட்டி ஒன்றும் சில கூழாங்கற்களும் போதும்.

சனிக்கிழமை இரவு இரண்டு வழிகள் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலையில் உள்ள காவலூருக்குப் போகலாம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தபோது அதைப் பார்த்தவர்களுள் காவலூர்க்காரர்களும் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம் என்றாலும், கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேகம் வந்துவிட்டால் அவ்வளவு தூரம் போனது வீணாகும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் புங்கனூர் ஏரியையும் எல்லாரும் அறிவார்கள். மே மாத விடுமுறைநாட்களில் அங்கே இருக்கும் நெரிசலில் நிதானத்துக்கு இடமில்லை என்பதால், அதை வாரநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இன்னொரு வழிதான் என் மனத்துக்கு நெருக்கமானது. கோடையில் வடஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. எந்த இரவில் எந்தக் கதை என்பதை ஊர்க்காரர்கள் நோட்டீசாகவே அடித்து ஒட்டிவிடுவதால், ஊர் முனையில் உள்ள டீக்கடைச் சுவரைப் பார்த்தால் போதும். முதன்முறை போகிறவர்கள் திரௌபதி துகிலுரிதல் அல்லது கர்ண மோட்சம் நடக்கும் இரவைத் தேர்ந்தெடுக்கலாம். பாய், போர்வை, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் போய், முகவீணை என்னும் ஊதுகருவியும் தாளமும் காதில் நன்றாக விழும் பக்கத்தில் உட்காருங்கள். இயன்றால் அதற்கு முன்பே போய், வேடம் கட்டும் இடத்தைத் தொலைவில் நின்று பார்க்க வேண்டும்: அரிதாரம் பூசிய முகத்தில் மீசையை வரைந்து, புஜக்கட்டையையும் கிரீடத்தையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியதும், மாலையில் வயலிலிருந்து வந்த மனிதர் துரியோதனனாக எழுந்து நிற்பார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊர் வழக்கில் பேசத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கும் தூக்கம் போய்விடும். நடுவில் அவர்கள் உறங்கினால் எழுப்ப வேண்டாம். விடியும் வரை முழுவதையும் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை, பாதி உறக்கத்தில் கேட்கும் பாட்டும் கூத்தின் பகுதிதான்.

ஞாயிறன்று படுகளம் என்று நோட்டீசில் இருந்தால் மட்டும் காலையில் மறுபடியும் போங்கள். தரையில் மண்ணால் மல்லாந்த நிலையில் பெரிய உருவமாகத் துரியோதனனைச் செய்து கிடத்தியிருப்பார்கள். வீமன் தொடையில் அடித்து வீழ்த்தியதும், விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். ஊரே சூழ்ந்து நிற்கும் அந்த இடத்தில் நிழல் இராது, ஆகையால் குடையும் மோரும் கட்டாயம். படுகளம் இல்லாத ஞாயிறு என்றால் மதியம் வரை உறங்கி, ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய்த் தொக்கோடு பொட்டலம் சொல்லிவிடலாம். அன்று சமையலறையில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை மொட்டைமாடிக்கு உரியது. ஆறு மணிக்கு ஒரு முறையும், எட்டு மணிக்கு ஒரு முறையும் தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும்; துணி அலசிய தண்ணீரே இதற்குப் போதும், கோடையில் நல்ல தண்ணீரைக் கொட்டக் கூடாது. முதல் தெளிப்பில் தரையிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடிக்கும், அப்போது படுக்கையை விரிக்காதீர்கள். இரண்டாம் தெளிப்பு உலர்ந்ததும், வெறுங்காலை வைத்துப் பார்த்துச் சூடு இறங்கிவிட்டது என்று தெரிந்தபின் பாயை விரித்து, தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீரை வைத்துக்கொண்டு படுத்துவிடலாம்.