ஸ்பெயின்ல தபாஸ், அதான் டிரிங்க்கோட சாப்பிடற குட்டி குட்டி ஐட்டங்க, சாப்பிட போறீங்களா? நான் பண்ணத பண்ணாதீங்க

போன வாரம் கிரனாடா ஊர்ல நவாஸ் தெருவுல பக்கத்து டேபிள்ல ஒரு குடும்பம், உக்காந்ததுமே மெனுவ விரிச்சு அஞ்சாறு ஐட்டம் கடகடன்னு சொன்னாங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஆறு வருஷம் முன்னாடி நான் அடிச்ச அதே கூத்து. பாஷை தெரியலங்கறதெல்லாம் விடுங்க, அது கைய காட்டி சமாளிச்சுக்கலாம்.

மொத்தமா ஆர்டர் பண்றது

இன்னிக்கு நெனச்சாலும் எரிச்சலா வருது. ஒரே ஐட்டம் சைஸ் சைஸா இருக்கும். தபான்னா நாலு வாய், மெதியா ரசியோன்னா அர தட்டு, ரசியோன்னா ரெண்டு மூணு பேர் சாப்பிடற முழு தட்டு. அஞ்சு பேர் இருக்கோமேன்னு நான் ஆறு ரசியோன் சொல்லிட்டேன். கிரனாடால டிரிங்க் வாங்கினா கூடவே ஒரு தபா ஃப்ரீயா வரும்னு யாருக்கு தெரியும், பியருக்கு மட்டுமில்ல, பசங்க குடிச்ச மோஸ்தோ, அதான் திராட்சை ஜூஸ், அதுக்கும் வந்துச்சு. டேபிள்ல கை வைக்க எடமில்ல. கத்திரிக்காய மெலிசா வறுத்து மேல கரும்புப்பாகு ஊத்தி தருவாங்க, நம்ம வெல்லப்பாகு வாசனை, சூடா மொறுமொறுன்னு இருக்கறப்பவே தின்னணும். நாங்க அதுகிட்ட போறதுக்குள்ள சொதசொதன்னு ஊறிப்போச்சு. அம்மா வேற, "ஏன்டா, இது என்ன கல்யாண பந்தியா?"ன்னாங்க. பில்லு 118 யூரோ, பாதி அப்படியே கெடந்துச்சு.

மொதல்ல டிரிங்க் மட்டும் சொல்லுங்க, வர்றத சாப்பிடுங்க, பசி இருந்தா ஒன்னே ஒன்னு சொல்லிட்டு அடுத்த கடைக்கு நடைய கட்டுங்க. செவில் ஊர்ல இந்த ஃப்ரீ கணக்கு பொதுவா கெடையாது, ஏமாந்துடாதீங்க.

ஏழு மணிக்கே டின்னருக்கு போறது

பல எடத்துல கிச்சன் எட்டு, எட்டரைக்கு தான் தொறப்பாங்க. பசங்களுக்கு ஆறு மணிக்கே ஏதாவது குடுத்துடுங்க.

வெஜ்னு சொல்லிட்டா போதும்னு நெனைக்கிறது

என் வீட்டம்மா வெஜ். "கார்னே", அதான் கறி, வேணாம்னு சொல்லி சல்மொரேஹோ வாங்கினோம், கெட்டியான தக்காளி சூப், ஜில்லுன்னு இருக்கும். மேல பொடிப்பொடியா ஹமோன், பன்றிக்கறி. "சின் ஹமோன், சின் அதூன்"னு, அதாவது ஹமோன் இல்லாம, சூரை மீன் இல்லாமன்னு, கறி, மீனு ரெண்டையும் பேர் சொல்லி மறுக்கணும். செவில்ல கீரையும் கொண்டக்கடலையும் சேத்து ஒன்னு பண்ணுவாங்க, சீரக வாசனையோட, அம்மா அத ரெண்டு தடவ வாங்கினாங்க.

மெனுல வெல போடாத மீனு

வெலைய கேக்காம ஆர்டர் சொல்லாதீங்க.

சான் செபாஸ்டியன்ல குச்சிய தூக்கி போடறது

அங்க ஐட்டத்துல குச்சி குத்தி வரும், சில கடைல தின்னப்புறம் தட்டுல இருக்கற குச்சிய எண்ணி தான் பில்லு. என் சின்னவன் ஏழு குச்சிய பாக்கெட்ல போட்டுட்டு ரூமுக்கே வந்துட்டான், ராத்திரி பத்தரைக்கு நான் திரும்ப போய் காசு குடுத்துட்டு வந்தேன்.